ஒருமுறை மலையேறினால் போதும்

ஜவ்வாது மலையில் 'டவர்' எங்கே எடுக்கும் என்று கேட்டால், ஊர்க்காரர்கள் கம்பெனியின் வரைபடத்தைக் காட்ட மாட்டார்கள். இந்த வரப்பு முனையில் ரெண்டு பாயிண்ட், அந்தப் புளியமரத்தடியில் ஒன்றுமே வராது, பாறை மேல் ஏறினால் நாலு பாயிண்ட் என்று கையை நீட்டிச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது இயற்பியல்படியும் சரிதான். நான்காம் தலைமுறை செல்பேசி அலைகள் நம் நாட்டில் பெரும்பாலும் 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் வருகின்றன. அலைவரிசை எண் ஏற ஏற, அலை ஒரு முகட்டைத் தாண்டி மறுபக்கச் சரிவுக்குள் வளைந்து இறங்கும் திறன் குறைந்துகொண்டே போகும். கோபுரத்துக்கும் போனுக்கும் நடுவே ஒரு குன்று நின்றால், அதன் பின்னால் இருக்கும் குடியிருப்பு அலை நிழலில் விழுந்துவிடுகிறது.

மலையில் வீடுகள் சிதறிக் கிடக்கின்றன. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு என்று நடுத்தர ஊர்கள் சில உண்டு. மற்றவை சாமை வயல்களுக்கும் பலா மரங்களுக்கும் இடையே பத்தும் இருபதும் வீடுகளாக ஒதுங்கி நிற்பவை. ஆள் நெருக்கம் இல்லாத இந்த இருட்டுக்காகத்தான் 1960-களின் இறுதியில் வானியலாளர்கள் இந்த மலையின் காவலூருக்கு வந்தார்கள். 1986-ல் நிறுவப்பட்டு வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி இன்றும் அங்கேதான் நிற்கிறது. வானியலாளரை இழுத்த அதே காரணம் செல்பேசி நிறுவனத்தை விரட்டுகிறது. இருபது வீட்டுக்கு ஒரு கோபுரம் நட்டால் கணக்கு உதைக்கும். அரசுகள் உள்ளே நுழைந்தது அதனால்தான். செல்பேசி சேவை எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ.26,316 கோடி ஒதுக்கியது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் உருவானது. ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்துவிட்டாலும் அங்கிருந்து வீட்டுக்கு வரும் கடைசி சில கிலோமீட்டர்தான் பெரிய பாடு.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அண்ணன் கீழே கல்லூரியில் படிக்கிறான், விடுமுறைக்கு லேப்டாப்போடு வந்திருக்கிறான். தங்கையிடம் ஒன்று, ஆசிரியையாக இருக்கும் அத்தையிடம் ஒன்று. மூன்றும் ஒரே போனின் ஹாட்ஸ்பாட்டில்.

"அண்ணா, நெட்டு சுத்திக்கிட்டே இருக்கு. நீ என்ன இறக்குற?"

"நான் ஒண்ணும் இறக்கலை பாப்பா. அதுவா அப்டேட் ஆவுது."

அவன் சொல்வது பொய்யில்லை. விண்டோஸின் பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று சுமார் 4 ஜி.பி. இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் அது இறங்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். மூன்று லேப்டாப்புக்கும் தனித்தனியே இறங்கினால் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம், 12 ஜி.பி. நாளொன்றுக்கு 1.5 ஜி.பி. பேக் போட்டவருக்கு இது எட்டு நாள் டேட்டா. அன்றைய பங்கு தீர்ந்ததும் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகச் சுருங்கும். அந்த வேகத்தில் ஒரே ஒரு 4 ஜி.பி. முழுவதும் இறங்க ஐந்து நாளும் பத்தொன்பது மணி நேரமும் பிடிக்கும். ஒரு வீட்டிலிருந்து மூன்று பேர் ஒரே மூட்டை உப்புக்காகத் தனித்தனியே போளூர் சந்தைக்குப் போய் வருவது போன்ற கூத்து இது. மூன்று லேப்டாப்புக்கும் வேண்டியது எழுத்துக்கு எழுத்து ஒரே கோப்பு.

முதல் லேப்டாப் இறக்கியதை மற்ற இரண்டும் அதனிடமே வாங்கிக்கொண்டால் என்ன? வீட்டுக்குள் வைஃபை நொடிக்கு 100 மெகாபிட் கொடுக்கிறது என்றால், ஒரு லேப்டாப்பிலிருந்து ரூட்டராக இருக்கும் போனுக்கும் அதிலிருந்து மற்றொன்றுக்கும் ஒரே காற்றில் இருமுறை போக வேண்டியிருப்பதால் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. அப்படியும் 4 ஜி.பி. பதினோரு நிமிடத்தில் மாறிவிடும். முக்கியமாக, ஹாட்ஸ்பாட்டாக இருக்கும் போன் வழியே லேப்டாப்புக்கு லேப்டாப் போகும் தரவு பேக்கில் ஒரு எம்.பி.கூடக் குறைக்காது. அது வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

இந்த யோசனைக்கு நம் பக்கத்தில் ஒரு முன்னோடி உண்டு. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரில் நடுமையம், அங்கிருந்து சுற்றியுள்ள கிராமங்களுக்கு வானொலிக் கருவிகள் வழியே தகவல் போகும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் தரும் அலை உயர முன்கணிப்பை வில்லியனூரில் ஒருமுறை இறக்குவார்கள். வீராம்பட்டினம் கடற்கரையில் அது ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். இணைப்பு ஒன்று, கேட்பவர் ஊர் முழுக்க. மீனவர் அந்தக் குரலை நம்பினார், ஏனென்றால் வாசித்தவர் தெரிந்தவர். கணினிகள் ஒன்றுக்கொன்று அப்டேட்டை நீட்டும்போது இந்த இடத்தில்தான் சிக்கல். பக்கத்து லேப்டாப்புக்கு வைரஸ் பிடித்திருக்கலாம். பாதிக் கோப்பு கெட்டுப்போயிருக்கலாம். தங்கையின் கணினி எதை வைத்து அண்ணனின் கணினியை நம்புவது?

நம்ப வேண்டாம் என்பதுதான் பொறியாளர்கள் கண்ட விடை. அதைச் சாத்தியமாக்கியது ஹாஷ் என்ற கணித வித்தை. எஸ்.எச்.ஏ-256 என்ற சூத்திரத்துக்கு எந்தக் கோப்பைக் கொடுத்தாலும், அது ஒரு வரிக் கடிதமோ 4 ஜி.பி. அப்டேட்டோ, 256 பிட் நீளமுள்ள ஓர் எண்ணைத் திருப்பித் தரும். எழுதினால் 64 எழுத்து. அதே கோப்புக்கு எப்போதும் அதே எண். கோப்பில் ஒரே ஒரு பிட் புரண்டாலும் எண்ணின் ஏறக்குறைய பாதி பிட்டுகள் மாறி அடையாளமே தெரியாமல் போய்விடும். சாத்தியமான எண்கள் மொத்தம் 78 இலக்க அளவுக்கு இருப்பதால், குறிப்பிட்ட ஓர் எண் வரும்படி போலிக் கோப்பு ஒன்றைச் செய்வது இன்றைய கணினிகளால் ஆகாத காரியம்.

வேலை இப்படிப் பிரிகிறது. தங்கையின் லேப்டாப் முதலில், அப்டேட்டைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வரிடம் பாதுகாப்பான இணைப்பில் ஒரு சிறு பட்டியலை மட்டும் வாங்குகிறது. அப்டேட்டின் எந்தெந்தத் துண்டுக்கு எந்த ஹாஷ் என்பதுதான் அந்தப் பட்டியல். இது சில நூறு கே.பி.யில் முடிந்துவிடும் சமாச்சாரம். பாறை மேல் ஏறாமலே வந்துவிடும். கனமான துண்டுகளை யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். வந்த ஒவ்வொரு துண்டுக்கும் தானே ஹாஷ் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாததைத் தூக்கி எறிந்துவிட்டு, அந்த ஒரு துண்டை மட்டும் வேறிடத்தில் கேட்கும். பிராம் கோஹன் 2001-ல் எழுதிய பிட்டோரண்ட்டின் அடிப்படையும் இதுவே. சினிமாத் திருட்டால் கெட்ட பெயர் வாங்கிய அந்தத் தொழில்நுட்பத்தின் உறவுக்காரர் இப்போது அத்தையின் லேப்டாப்பில் உட்கார்ந்து உருப்படியான வேலை பார்க்கிறார்.

விண்டோஸ் 10 வெளிவந்த 2015-லிருந்து 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற பெயரில் இது உள்ளேயே இருக்கிறது. ஆரம்பத்தில் வீட்டுப் பதிப்புகளில் ஒரு குசும்பும் சேர்ந்தே வந்தது: உங்கள் கணினி வீட்டுக்குள் மட்டுமல்லாமல் இணையத்தில் முகம் தெரியாதவர்களுக்கும் அப்டேட் துண்டுகளை அனுப்பும்படி அமைத்திருந்தார்கள். டேட்டாவைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பார்த்துச் செலவழிக்கும் வீட்டுக்கு இது பகல் கொள்ளை. எதிர்ப்பு கிளம்பியது, பிற்பாடு வீட்டு நெட்வொர்க்கோடு நிற்பதே இயல்பான அமைப்பானது. அமைப்புகளுக்குள் போய் உள்ளூர் நெட்வொர்க் மட்டும் என்ற தேர்வில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அண்ணன் லேப்டாப்பும் தங்கை லேப்டாப்பும் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கின்றன? நடுவே ஒரு மேசைதான். ஆனால் அவை அறைக்குள் குரல் கொடுத்துத் தேடுவதில்லை. இரண்டும் தனித்தனியே கண்காணாத தூரத்து மைக்ரோசாஃப்ட் சேவையிடம் போய், இந்த அப்டேட் வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்கின்றன. ஒரே பொது ஐ.பி. முகவரியிலிருந்து வந்து கேட்பவர்களை அந்தச் சேவை ஒரே வீட்டுக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டு, ஒருவரது உள்முகவரியை மற்றவருக்குச் சொல்லிவிடுகிறது. பிறகுதான் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தரவு பாய்கிறது. ஆப்பிளின் ஏற்பாடும் ஏறக்குறைய இதே மாதிரி. 2017-ல் வந்த ஹை சியரா பதிப்பிலிருந்து எந்த மேக்கையும் வீட்டின் சேமிப்புக் கிடங்காக வைத்துக்கொள்ளலாம். ஐபோன்கள்கூட அதனிடம் வாங்கிக்கொள்ளும்.

பொது முகவரியை வைத்து வீட்டை அடையாளம் காண்பது நகரத்து பிராட்பேண்டுக்குப் பொருத்தம். மலையில் அது தடுமாறும். ஐ.பி. முகவரிகளுக்குத் தட்டுப்பாடு என்பதால் செல்பேசி நிறுவனங்கள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகின்றன. அப்போது அந்தச் சேவை யாரோ முன்பின் தெரியாதவரின் லேப்டாப்பையும் 'உங்கள் வீட்டில் இருக்கிறது' என்று கைகாட்டக்கூடும். தங்கையின் லேப்டாப் அந்த உள்முகவரியைத் தட்டிப் பார்க்கும், கதவு திறக்காது, அடுத்ததைத் தட்டும். விண்டோஸ் 11-ல் வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே குரல் கொடுத்துத் தேடும் வழியையும் சேர்த்திருக்கிறார்கள். இது முதலிலேயே வந்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

வேறு தடங்கல்களும் உண்டு. விருந்தினருக்கென்று ரூட்டர் தரும் தனி வைஃபையில் சேர்ந்தால் கணினிகள் ஒன்றையொன்று பார்க்கவே முடியாது. பாதுகாப்புக்காகச் சுவர் எழுப்பியிருப்பார்கள். லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது மற்றவர்களுக்கு அனுப்பாது. 4 ஜி.பி. ராம் இல்லாத கணினியை விண்டோஸ் இந்தப் பங்கீட்டில் சேர்ப்பதே இல்லை. இறக்கிய துண்டுகளை இயல்பாக மூன்று நாள்தான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். ஆகவே அண்ணன் திங்களன்று அப்டேட் செய்து, தங்கை அடுத்த ஞாயிறன்று லேப்டாப்பைத் திறந்தால் பழைய கதைதான். மூன்றையும் ஒரே மாலையில், கரண்ட் இருக்கும்போது, சார்ஜரில் போட்டுவிட்டு ஒன்று முடிந்தபின் அடுத்ததைத் தொடங்குவதுதான் கெட்டிக்காரத்தனம்.

2 ஜி.பி. ராமோடு பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்புக்கு என்ன வழி? விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. மிச்சமிருக்கும் மரியாதையான வழி லினக்ஸ். அது தமிழக வீடுகளுக்குப் புதிதுமல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பல லேப்டாப்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடித்தளமாக வைத்து உருவாக்கியது அது. பெரும்பாலானவர்கள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

டெபியன் குடும்பத்தில் அப்டேட் பங்கீடு விண்டோஸைவிட வெளிப்படையானது. இறக்கிய மென்பொருள் பொதிகள் 'வார்' என்ற அடைவுக்குள் 'கேஷ்', அதற்குள் 'ஆப்ட்', அதற்குள் 'ஆர்க்கைவ்ஸ்' என்று உள்ளே போனால் கோப்பு கோப்பாகக் கண்ணுக்குத் தெரியும். பென் டிரைவில் அள்ளிக்கொண்டு போய் அடுத்த கணினியில் அதே இடத்தில் போட்டால், அது மறுபடி இறக்காமல் அதையே எடுத்துக்கொள்ளும். பள்ளி ஆய்வகம் போல இருபது கணினிகள் இருந்தால் ஒன்றில் 'ஆப்ட்-கேஷர்-என்ஜி' என்ற சிறு நிரலை நிறுவி, மற்றவற்றை அதனிடம் கேட்கச் சொல்லிவிடலாம். முதலில் கேட்பவருக்காக ஒருமுறை வெளியே போய் வாங்கி வரும். மீதிப் பத்தொன்பது பேருக்கும் தன் வட்டிலிருந்து கொடுக்கும்.

இணைப்பே இல்லாத வீட்டுக்கும் ஒரு வழி இருக்கிறது. ரித்தேஷ் ராஜ் சராஃப் என்ற இந்திய டெபியன் உருவாக்குநர் 2000-களின் நடுவில் எழுதத் தொடங்கிய 'ஆப்ட்-ஆஃப்லைன்' அது. மலை வீட்டின் கணினியில் அதை ஓட்டினால், தனக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பு எழுதிக் கொடுக்கும். அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, போளூரிலோ திருப்பத்தூரிலோ நல்ல இணைப்புள்ள ஒரு கணினியில் செருகி அதே நிரலை அங்கேயும் ஓட்டினால், அந்தச் சீட்டில் உள்ளதை மட்டும் இறக்கி ஒரே கட்டாகக் கட்டித் தரும். அந்தக் கணினி விண்டோஸாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டை மேலே கொண்டுவந்து மூன்றாவது கட்டளையைக் கொடுத்தால் வேலை முடிந்தது. கோரியதை மட்டும் சுமந்து வருவதுதான் இதன் அழகு. அந்தக் காலத்தில் பிசி குவெஸ்ட், லினக்ஸ் ஃபார் யூ போன்ற பத்திரிகைகளோடு வந்த சி.டி.க்களுக்காகக் காத்திருந்தோம், உபுண்டுவின் சி.டி. 2011 வரை தபாலில் இலவசமாகவே வீடு தேடி வந்தது. அவை எல்லோருக்கும் ஒரே கட்டு, வேண்டியதும் வேண்டாததும் சேர்ந்தது.

பலர் கைமாறி வந்த அந்தப் பென் டிரைவை எப்படி நம்புவது? இங்கே டெபியனின் கட்டமைப்பு ரசிக்கத்தக்கது. அதில் 60,000-க்கும் மேற்பட்ட பொதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பதில்லை. எல்லாப் பொதிகளின் ஹாஷும் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலின் ஹாஷ் 'ரிலீஸ்' என்ற ஒரே கோப்பில் இருக்கும். டிஜிட்டல் கையெழுத்து அந்த ஒரு கோப்பில் மட்டும். அதைச் சரிபார்க்கும் சாவி, கணினியை முதன்முதலில் நிறுவியபோதே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. ஆக, கட்டு யார் கையில் வந்தாலும் கவலையில்லை. டெபியன் சர்வர்கள் பல ஆண்டுகள் பூட்டில்லாத சாதாரண எச்.டி.டி.பி. இணைப்பிலேயே பொதிகளை வழங்கியும் குடி முழுகவில்லை.

கையெழுத்தே போலியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் உலகம் பார்த்துவிட்டது. 2012 மே மாதம் 'ஃப்ளேம்' என்ற உளவு நிரல் வெளிச்சத்துக்கு வந்தது. ஈரானும் மத்திய கிழக்கும்தான் அதன் முக்கிய இலக்கு. எல்லா உறுப்புகளும் சேர்ந்து 20 எம்.பி. வரை இருந்த பூதம். அது ஒரே நெட்வொர்க்கிலுள்ள கணினிகளுக்குப் பரவிய வழி நம் கதையின் தலைகீழ் வடிவம். தொற்றிய கணினி, 'வெளியே போகும் வழி நான்தான்' என்று பக்கத்துக் கணினிகளிடம் அறிவிக்கும். அவை விண்டோஸ் அப்டேட் கேட்டு வரும்போது வழிமறித்து, அப்டேட் என்ற பெயரில் தன்னையே நீட்டும். அதில் மைக்ரோசாஃப்ட்டின் கையெழுத்து இருந்தது, கணினிகள் அதை ஏற்றுக்கொண்டன.

குற்றவாளி எம்.டி.5 என்ற பழைய ஹாஷ் முறை. இரண்டு வெவ்வேறு கோப்புகளுக்கு ஒரே எம்.டி.5 எண் வரவைக்க முடியும் என்று சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழு 2004-லேயே காட்டிவிட்டது. 2008-ல் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு 200 பிளேஸ்டேஷன்-3 விளையாட்டுப் பெட்டிகளை இணைத்து, அதே ஓட்டை வழியே டிஜிட்டல் கையெழுத்துகளுக்கு ஆதாரமான சான்றிதழ்களை வழங்கும் ஆணையம் ஒன்றையே போலியாக உருவாக்கிக் காட்டியது. அதற்குப் பிறகும் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு மூலையில், டெர்மினல் சர்வர் உரிமச் சேவையில், எம்.டி.5 சான்றிதழ்கள் புழக்கத்தில் இருந்தன. ஃப்ளேமை எழுதியவர்கள் அந்த மூலைக்குத்தான் குறிவைத்தார்கள். 2012 ஜூன் 3-ல் மைக்ரோசாஃப்ட் அவசரமாக அந்தச் சான்றிதழ்களைச் செல்லாதவை என்று அறிவித்தது. இதைக் காட்டி, பக்கத்துக் கணினியிடம் அப்டேட் வாங்குவதே ஆபத்து என்று பயமுறுத்துகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்கே சரிபார்க்கும் கணிதம்தான் தேய்ந்துபோயிருந்தது. அது தேய்ந்துவிட்டால் நேரே இணையத்திலிருந்து இறக்கியதையும் வழியில் மாற்றிவிடலாம்.

லேப்டாப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஜவ்வாது மலை வீடுகளில் அதைவிட அதிகம் இருப்பது ஆண்ட்ராய்டு போன். அங்கே பங்கீட்டை மக்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். டேட்டா இல்லாதவர், இருப்பவரின் போனிலிருந்து ஷேர்இட், செண்டர் என்ற பங்கீட்டுச் செயலிகள் வழியே மற்ற செயலிகளை வாங்கிக்கொள்வது நாடு முழுக்க நடந்தது. வந்த செயலி அசலா, யாராவது கைவைத்ததா என்று பார்க்க வழியில்லை. கூகுள் 2018 ஜூனில் பிளே ஸ்டோர் செயலிகளுக்குள் ஒரு சிறு பாதுகாப்புக் குறிப்பைச் சேர்க்கத் தொடங்கியது. இப்படிக் கைமாறி வரும் செயலியையும் இணைப்பில்லாமலே அசல் என்று போன் உறுதிசெய்துகொள்ள அது உதவும். 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு தடைசெய்த 59 சீனச் செயலிகளோடு ஷேர்இட்டும் செண்டரும் போய்விட்டன. அடுத்த ஆண்டு பிளே ஸ்டோரே அருகிலுள்ள போனுக்குச் செயலிகளை அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, ஒன்றில் அனுப்பு, மற்றொன்றில் பெறு என்று தொட்டால் போதும், டேட்டா செலவில்லை.

செயலிகளுக்கு மட்டும்தான் அது. ஆண்ட்ராய்டின் புதிய பதிப்பு வந்தால், ஒரே கம்பெனியின் ஒரே மாடல் போன் வீட்டில் இரண்டு இருந்தாலும், இரண்டும் தனித்தனியேதான் ஜி.பி. கணக்கில் இறக்கியாக வேண்டும். அண்ணன் போனில் முழுதாக வந்து உட்கார்ந்துவிட்ட அதே கோப்புக்காகத் தங்கை தன் போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போகிறாள்.